ஃப்ரிட்ஜில் வைத்த விந்தணு எத்தனை நாள் தாங்கும்?

விந்தணுவைச் சேமிப்பது என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திரவ நைட்ரஜன்தான். மைனஸ் 196 டிகிரி, மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று கிளம்பும் வெண்புகை, தடித்த கையுறை, முகக் கவசம். படம் எடுக்க நன்றாக இருக்கும். நான் இங்கே பேசப்போவது சாதாரண ஃப்ரிட்ஜைப் பற்றி. நாலு டிகிரி, ஐந்து டிகிரி, அவ்வளவுதான். ஆய்வகச் சுண்டெலியின் விந்தணுவை உறையவைக்காமல் வெறுமனே குளிரவைத்து, சில நாள் கழித்து எடுத்தாலும் குட்டி பிறக்கும்படி வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சுண்டெலிக் கருக்களோடும் விந்தணுக்களோடும் பிழைப்பை ஓட்டுகிற எனக்கு, உறையவைப்பதைவிட இதுதான் சுவாரசியமான விஷயமாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில், இது யாருக்கு வேண்டும்? ஏதோ ஒரு மரபணுவை நீக்கியோ மாற்றியோ ஒரு ஆய்வகம் சுண்டெலி ஒன்றை உருவாக்குகிறது. இன்னொரு ஊரில், இன்னொரு நாட்டில் இருக்கும் ஆய்வகத்துக்கு அதே எலி வேண்டும். உயிருள்ள எலிகளைப் பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்பலாம். ஆனால் போகும் வழியில் வெப்பமும் சத்தமும் தாகமும் அந்தப் பிராணிகளைப் படுத்தும் பாடு இருக்கிறது. அதோடு, வருகிற எலி தன்னோடு சுண்டெலி ஹெபடைடிஸ் வைரஸையோ குடல் புழுவையோ கொண்டுவந்து, இருக்கிற மொத்தக் கூட்டத்துக்கும் பரப்பிவிட்டால் அந்த ஆய்வகம் மாதக்கணக்கில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். அதனால்தான் விந்தணுவை மட்டும் வரவழைத்து, இங்கிருக்கும் சுத்தமான பெண் எலியின் கருமுட்டையோடு கிண்ணத்தில் சேர்த்து, உண்டான கருவைப் பலமுறை கழுவி, சுத்தமான வாடகைத் தாயின் கருக்குழாயில் வைப்பது. பிறக்கிற குட்டி நோயில்லாமல் பிறக்கும்.

அப்படியென்றால் உறையவைத்த விந்தணுவையே அனுப்பலாமே என்பீர்கள். அனுப்புகிறார்கள். ஆனால் அதற்கு அனுப்புகிறவருக்கு உறையவைக்கத் தெரிந்திருக்கவேண்டும், அதற்கான கரைசலும் விந்தணுவை அடைக்கும் ஸ்ட்ரா என்ற மெல்லிய குழாயும் நைட்ரஜனும் வேண்டும், நைட்ரஜனை உறிஞ்சிவைத்திருக்கும் கனமான உலர் கலத்தில் போட்டு அனுப்பிவிட்டு அந்தக் கலம் திரும்பி வரக் காத்திருக்கவும் வேண்டும். நல்ல மரபணு எலியை உருவாக்கிவைத்திருக்கிற எத்தனையோ குழுக்களுக்கு இந்த வேலையில் பழக்கமே கிடையாது. குளிர்வழி அனுப்புதலில் அவர்கள் செய்யவேண்டியது, ஆண் எலியிலிருந்து எபிடிடிமிஸ் என்ற விந்துக்குழாயின் வால்பகுதியை வெட்டியெடுத்து, கரைசல் நிரப்பிய சின்னக் குழாயில் போட்டு, குளிர் காக்கும் குடுவையில் வைத்து அனுப்புவது, அவ்வளவே. கைத்திறமை எல்லாம் பெறுகிறவர் பக்கம் இருந்தால் போதும். எனக்குப் பிடித்தது இந்த ஏற்பாடுதான்: கஷ்டமான வேலை, அந்த வேலை தெரிந்தவனிடம் வந்து சேர்கிறது.

எபிடிடிமிஸ் என்பது விந்தகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சுருண்ட குழாய். சுண்டெலியில் அதைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். விந்தகத்தில் உண்டான விந்தணு இந்தக் குழாய் வழியாக நகர்ந்து வரும்போதுதான் முதிர்கிறது, கடைசியில் வால்பகுதியில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு காத்திருக்கிறது. காத்திருக்கும்போது நீந்துவதில்லை. அங்கே பைகார்பனேட் குறைவு, சற்றே அமிலத்தன்மை, ஆக்சிஜனும் சொற்பம். எல்லாம் சேர்ந்து அதை அடக்கிவைத்திருக்கின்றன. வெளியே எடுத்து பைகார்பனேட் உள்ள வெதுவெதுப்பான வளர்ப்புக் கரைசலில், ஊடகம் என்போம் அதை, விட்டால் நிமிடத்தில் கிளம்பிவிடும்.

இதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒட்டியிருக்கிற கொழுப்பையும் ரத்தத்தையும் வடிதாளில் ஒற்றியெடுத்த பிறகு, கூரிய கத்தரியால் வால்பகுதியில் ஒரு வெட்டு. பால்வெள்ளையில் கெட்டியாக ஒரு கட்டி பிதுங்கி வரும். அதை ஊசிமுனையால் பாரபின் எண்ணெய்க்கு அடியில் இருக்கும் சொட்டுக்குள் இழுத்துவிடுவோம். புதிதாக எடுத்ததென்றால், கட்டியின் ஓரம் கொஞ்ச நேரத்தில் கரையத் தொடங்கி, சொட்டு முழுக்க மினுமினுவென்று புரளும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருந்ததென்றால், கட்டி அப்படியே கிடக்கும். பக்கத்தில் உதிர்ந்தவற்றில் சில, வாலை மட்டும் லேசாக அசைக்கும். கொக்கிபோல் வளைந்த தலை நகராது. 37 டிகிரியில் கொஞ்சம் விட்டுவைத்தால் ஒவ்வொன்றாக எழும். முதன்முறை பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து, எல்லாம் செத்துப்போச்சு என்று தூக்கிப்போடப் பார்ப்பார்கள். பொறுக்கவேண்டும்.

சரி, குளிர் என்ன செய்கிறது? பத்து டிகிரி குறையும்போதெல்லாம் உயிர்வேதி வினைகளின் வேகம் இரண்டில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும் என்பது தோராயமான பழைய கணக்கு. 37-லிருந்து 5-க்கு வந்தால் 32 டிகிரி. கணக்குப் போட்டால் வேகம் ஒன்பதில் ஒரு பங்கிலிருந்து முப்பத்துச் சொச்சத்தில் ஒரு பங்கு வரை விழுகிறது. அதாவது ஃப்ரிட்ஜில் 72 மணி நேரம் என்பது, உடல் வெப்பத்தில் இரண்டு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குச் சமம். இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் கவலையே இல்லை. நம்பமுடியாது, ஏனென்றால் எல்லா வினைகளும் ஒரே அளவில் மெதுவாவதில்லை. ஆற்றல் உண்டாக்குவது குறைகிற அளவுக்கு, அயனிகள் சவ்வின் வழியே கசிவது குறைவதில்லை. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் தூங்கிவிடுகிறது, கால்சியம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு, உடல் வெப்பத்தில் இல்லவே இல்லாத ஒரு புதுச் சிக்கலையும் குளிர் கொண்டுவருகிறது: சவ்வில் இருக்கும் கொழுப்புகளில் சில, வெண்ணெய் இறுகுவதுபோல இறுகிப் பக்கத்துக்கொழுப்புகளிலிருந்து பிரிந்து திட்டுத்திட்டாக ஒதுங்குகின்றன. மறுபடி சூடாக்கும்போது அவை பழைய இடத்துக்கே திரும்பும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மற்ற செல்களாக இருந்தால் இடிந்ததைக் கட்டிக்கொள்ளும். விந்தணுவிடம் அதற்கான சாமான் இல்லை. டிஎன்ஏ-வை இறுக்கிச் சுருட்டி வைத்துவிட்டது, மரபணுவைப் படித்துப் புதுப் புரதம் செய்கிற வேலையை ஏறக்கட்டிவிட்டது, சைட்டோபிளாசத்தில் பெரும்பகுதியை உதறிவிட்டுத்தான் விந்தகத்தைவிட்டே கிளம்பியது. சைட்டோபிளாசம் போனதோடு, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நொதிகளில் பெரும்பாலானவையும் போயின. அதே சமயம் அதன் சவ்வு முழுக்க நிறைவுறாக் கொழுப்பமிலங்கள். எதையும் தாக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் முதலில் கைவைப்பது அவற்றின் மேல்தான். கழுத்துக்குக் கீழே வரிசையாகச் சுற்றியிருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆற்றலோடு சேர்த்து இந்த வில்லங்கமான மூலக்கூறுகளையும் உண்டாக்கித் தள்ளுகின்றன. ஆகவே ஃப்ரிட்ஜில் கிடக்கும் விந்தணு சும்மா உறங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது தவறு. மெதுவாக, ஆனால் நிற்காமல், எரிந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு. கோழியின் விந்தணு கிளிசரால் என்ற காப்புப்பொருளின் தயவில் உறைந்து மீண்டது 1949-இல். அடுத்த சில ஆண்டுகளில் காளைக்கும் அது வாய்த்தது. சுண்டெலிக்கு மட்டும் மசியவில்லை. 1972-இல் சுண்டெலிக் கருவையே உறையவைத்துக் குட்டி பெற்றுவிட்டார்கள், விந்தணுவை முடியவில்லை! 1990-ஆம் ஆண்டு வாக்கில்தான் ஜப்பானியக் குழுக்கள் அதைச் சாதித்தன. பின்னால் எல்லோரும் பின்பற்றிய கரைசல் என்னவென்று பார்த்தால் சிரிப்பு வரும்: 18 சதவீதம் ராஃபினோஸ் என்ற சர்க்கரை, 3 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால்பொடி. நாற்பது வருஷக் காத்திருப்புக்குப் பதில், சர்க்கரையும் பால்பொடியும்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. சி57பிஎல்/6 என்ற கறுப்புச் சுண்டெலி இருக்கிறதே, 1921-இல் உருவாகி இன்றைக்கு உலகம் முழுக்க மிக அதிகமாகப் புழங்கும் இனம், சுண்டெலிகளில் முதன்முதலில் முழு மரபணுத் தொகுப்பும் படிக்கப்பட்ட இனம், மரபணு நீக்கிய எலிகளைப் பெரும் திட்டமாக உருவாக்கியபோது அடித்தளமாக எடுத்துக்கொண்ட இனம் — அதன் விந்தணுதான் உறைந்து உருகியபின் மிக மோசமாக நடந்துகொண்டது. நூறு முட்டை போட்டால் இருபதுகூடக் கருவுறாத நாட்கள் சகஜம். டிபிஏ/2 போன்ற இனங்கள் ஒழுங்காக இருக்க, எல்லோருக்கும் வேண்டிய ஒன்று மட்டும் முரண்டுபிடித்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் உருகியபின்னும் பல நீந்திக்கொண்டுதான் இருந்தன, ஆனால் முட்டை கருவுறவில்லை.

இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நீந்துவது ஒரு திறன், கருவுறவைப்பது இன்னொரு திறன். இதற்கு மிகச் சுத்தமான சான்று குளிர்விப்பு ஆய்வுகளுக்கு வெளியே இருந்து, 2001-இல் வந்தது. விந்தணு வாலில் மட்டும் இருக்கும் கேட்ஸ்பர் என்ற கால்சியம் வாயிலுக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் மலடாக இருந்தன. விந்தணு இருந்தது, நகர்ந்தது, ஆனால் முட்டையின் வெளியுறையைத் துளைக்க முடியவில்லை. வெளியுறையை நீக்கிவிட்டு வெறும் முட்டையைக் கொடுத்தால் கருவுறவைத்தது! சாட்டைபோல் வாலை வீசி முரட்டுத்தனமாக நீந்தும் அந்தக் கடைசிக் கட்ட அசைவு இல்லாவிட்டால், மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு விந்தணு தயாராவதைத்தான் திறனேற்றம் என்கிறோம். 1951-இல் சாங், ஆஸ்டின் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. உடலுக்குள் பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் நடப்பது. கிண்ணத்தில் ஊடகத்தை வைத்து நடத்துகிறோம். அதன் முதல் படிகளில் ஒன்று, விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறுவது. வழக்கமாக ஊடகத்தில் இருக்கும் ஆல்புமின் புரதம் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறைந்து உருகிய கறுப்புச் சுண்டெலி விந்தணுவுக்கு ஆல்புமின் போதவில்லை. ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் தாகெயோ, நகாகதா குழுவினர் 2008-இல் ஆல்புமினுக்குப் பதில் மெதில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் போட்டுப் பார்த்தார்கள். ஏழு குளுக்கோஸ் வளையமாகக் கோத்த மூலக்கூறு, நடுவில் நீரை வெறுக்கும் ஒரு குழி; கொலஸ்ட்ரால் அதில் போய்ப் பொருந்திக்கொள்ளும். கருவுறும் விகிதம் ஏறியது. 2011-இல் அதோடு ஊடகத்தில் குளூடாதயோன் என்ற சேர்மத்தையும் சேர்த்தார்கள், இன்னும் ஏறியது.

ஃப்ரிட்ஜ் விந்தணுவுக்கும் இதே மருந்து வேலை செய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். குளிரில் வைத்தெடுத்த விந்தணு கொலஸ்ட்ராலை விடாமல் பிடித்துக்கொண்டு, முரட்டு நீச்சலுக்கும் போகாமல், தலையில் இருக்கும் அக்ரோசோம் என்ற நொதிப் பையையும் திறக்காமல் இருக்கிறது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் கொலஸ்ட்ராலை இழுத்தபின் இரண்டும் நடக்கின்றன, கருவுறும் திறன் திரும்புகிறது என்று அதே குமமோட்டோ குழு 2017-இல் காட்டியது. திறன் திரும்புகிறது என்றால், அது அழியவே இல்லை என்றுதானே அர்த்தம்? பூட்டிக் கிடந்திருக்கிறது. பல வருஷமாக, கெட்டுப்போனது என்று எழுதித் தள்ளியவற்றில் ஒரு பங்கு, திறக்கத் தெரியாமல் விட்டவை.

குளூடாதயோன் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன முணுமுணுப்பு உண்டு. அது விந்தணுவைவிட முட்டையின் வெளியுறையின் மேல்தான் வேலை செய்கிறது. வெளியுறைப் புரதங்களை இறுக்கிப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அவிழ்த்துத் தளர்த்துகிறது, துளைப்பது சுலபமாகிறது. குட்டி வேண்டும் என்பவருக்கு இது வரப்பிரசாதம், நானும் போடத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு புதிய சேமிப்புக் கரைசல் விந்தணுவை நன்றாகக் காக்கிறதா என்று சோதிக்கும்போது, குளூடாதயோன் போட்ட ஊடகத்தில் மட்டும் சோதித்துவிட்டு ஆகா என்று சொன்னால், விந்தணு நன்றாக இருந்ததா, சுவர் தாழ்ந்திருந்ததா என்று எப்படித் தெரியும்? போட்டும் பார்க்கவேண்டும், போடாமலும் பார்க்கவேண்டும். போடாமல் பார்த்த எண்ணை வெளியிட ஏனோ பலருக்கு மனம் வருவதில்லை.

பூட்டைத் திறப்பது ஒரு பக்கம். நிஜமாகவே எரிந்து அழிவதை நிறுத்துவது வேறு பக்கம், அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். 2012-இல் குமமோட்டோ குழு எபிடிடிமிஸைக் குளிரில் அனுப்பும் முறையை வகுத்தபோது, உறுப்புகளைக் காக்க உருவான லைஃபோர் என்ற கரைசலைப் பயன்படுத்தியது. மூன்று நாள்வரை தாங்கியது. மூன்று நாள் என்பது கேட்க நன்றாக இருக்கும், வேலை செய்கிறவனைக் கேளுங்கள். பெண் எலிக்கு முதல் ஹார்மோன் ஊசி போட்டு 48 மணி கழித்து இரண்டாவது ஊசி, அதிலிருந்து ஏறக்குறைய 15 மணி கழித்துத்தான் முட்டை. கிட்டத்தட்ட மூன்று நாள் அங்கேயே போய்விடுகிறது. அதனால் பார்சல் கிளம்பும் முன்பே இங்கே ஊசி போட ஆரம்பித்தாக வேண்டும். நடுவில் விமானம் தாமதமானாலோ, சுங்கத்தில் ஒருவர் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் போனாலோ, முட்டை தயாராக இருக்கும், விந்தணு வந்திருக்காது. பார்சல் நேரத்துக்கு வந்து, அன்றைக்குப் பார்த்து முட்டைகள் மோசமாக இருந்தால் அது இன்னொரு கொடுமை.

யொஷிமோட்டோ, தாகெயோ, நகாகதா மூவரும் 2017-இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இந்த மூன்று நாளைப் பத்து நாளாக்கியது. சேர்த்தது இரண்டு பொருள்: டைமெதில் சல்ஃபாக்சைடு, குவெர்செட்டின். முதலாவது உறையவைக்கும் வேலையில் பழைய ஆள், எந்தச் சவ்வையும் சுலபமாகக் கடந்து உள்ளே போய்விடும், ஹைட்ராக்சில் போன்ற ஆக்ரோஷமான மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கும் குணமும் உண்டு. இரண்டாவது வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கும் தாவர நிறமி, பேர்போன ஆக்சிஜனேற்றத் தடுப்பான். விந்தணுவிடம் இல்லாத காவலை வெளியிலிருந்து வாடகைக்கு அமர்த்துகிற யோசனை. இதில் ஒரு நடைமுறை நுணுக்கம் இருக்கிறது. குவெர்செட்டின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம், அதனால் ஆய்வகங்களில் அதை டைமெதில் சல்ஃபாக்சைடில்தான் கரைப்பது வழக்கம். பல துறைகளில் இந்தக் கரைப்பானைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே கவலைப்பட்டாக வேண்டும், ஏனென்றால் கரைப்பானுக்கே ஒரு வேலை இருக்கிறது. கரைப்பானை மட்டும் போட்ட குழாய் ஒன்று இல்லாமல் இந்தச் சோதனையை யாராவது செய்தால் அதன் முடிவை நான் வாங்கிக்கொள்ளமாட்டேன்.

பத்து நாள் கிடைத்தால் என்ன மாறுகிறது தெரியுமா? பார்சல் வந்து சேர்ந்த பிறகு ஊசி போடத் தொடங்கலாம். ஒரு எலியில் இரண்டு எபிடிடிமிஸ் இருக்கிறதே, ஒன்றை இன்றைக்குப் பயன்படுத்திவிட்டு, சரிவராவிட்டால் அடுத்த சுற்றுக்கு இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது வாய்ப்புதான் பெரிய விஷயம். திரும்பக் கிடைக்காத கடைசி ஆண் எலியின் விந்தணு கையில் இருக்கும்போது, ஒரே ஒரு காலைப்பொழுதை நம்பி உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ஃப்ரிட்ஜ் என்றதும் குளிர் எவ்வளவு இருந்தாலும் சரி என்று நினைத்துவிடக்கூடாது. வருகிற பார்சல்களைக் கெடுப்பது பெரும்பாலும் அதிகக் குளிர். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியைக் குழாயோடு ஒட்டிவைத்துவிடுவார்கள், நல்ல எண்ணத்தில்தான். குழாய்க்குள் ஐஸ் படிந்தால், காப்புப்பொருள் போதாத நிலையில் உறைந்த விந்தணு எழுந்திருக்காது. நடுவில் காகிதமோ அட்டையோ வைத்து, பொதியைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டு அதன் மேல் பனி கரைந்தபிறகு வைத்தால் போதும். விந்தணுவைப் பிழிந்தெடுத்துக் கரைசலில் கலக்கி அனுப்புவதைவிட, வால்பகுதியை முழுதாக அனுப்புவதே மேல். அது தன் சொந்தத் திரவத்தில், அடங்கிக் கிடக்கிற நிலையிலேயே பயணம் செய்யும். கழுவாதீர்கள், சுழற்றாதீர்கள், குறுகிய பிப்பெட்டில் இழுக்காதீர்கள். வந்தபிறகு உடனே பயன்படுத்தப் போவதில்லை என்றால், வந்த இடத்திலேயே விந்தணுவை எடுத்து உறையவைக்கவும் செய்யலாம். குளிர்வழிப் பயணம் நைட்ரஜன் கிடங்குக்குப் போட்டி இல்லை, அதன் வாசலுக்குக் கொண்டுவிடுகிற வண்டி.

மறுநாள் காலை எண்ணுகிற வேலை. கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்தால், இரண்டாகப் பிரிந்த கருக்கள் ஒரு ஓட்டுக்குள் அருகருகே இரண்டு உருண்டைகளாகத் தெரியும். பிரியாத முட்டைகள் ஒற்றை உருண்டையாக, பலசமயம் கொஞ்சம் மங்கலாக இருக்கும். சிலது மூன்று நாலு துண்டாகச் சிதறியிருக்கும், அவற்றைக் கணக்கில் எடுக்கக்கூடாது. இரண்டாகப் பிரிந்ததை எல்லாம் கருவுற்றது என்று எழுதிக்கொண்டு போவதில் ஒரு பொறி இருக்கிறது: வயதான முட்டை, விந்தணு துளைக்காமலேயே தானாகத் தூண்டப்பட்டுப் பிரியக்கூடும். அதனால் முதல் நாளே, விந்தணு சேர்த்த சில மணி நேரத்தில், ஆணிடமிருந்து ஒன்று பெண்ணிடமிருந்து ஒன்றாக இரண்டு முன்கருக்கள் தெரிகின்றனவா என்று சிலவற்றையாவது பார்த்துவிடுவதும், விந்தணு போடாத முட்டைகளைத் தனியாக ஒரு சொட்டில் வைப்பதும் நல்லது. பத்தாம் நாள் விந்தணுவைப் போல, எதிர்பார்ப்பே குறைவாக இருக்கிற இடத்தில் இந்தப் பொய்க் கருக்கள் விகிதத்தைத் தூக்கிக் காட்டிவிடும். கடைசியில் எண்ணவேண்டியது குட்டிகளைத்தான். வாடகைத் தாய்க்குள் வைத்து, ஏறக்குறைய 19 நாள் கழித்துக் கூண்டில் எத்தனை இருக்கின்றன, அவை பால்குடி மறக்கும்வரை இருக்கின்றனவா, வளர்ந்து அவற்றுக்கும் குட்டி பிறக்கிறதா. நீச்சல் வேகத்தைக் கணினி மூன்று தசம இடத்துக்குச் சொல்லும். அழகான வரைபடம் வரும். அதை வைத்துக்கொண்டு கருவுறும் திறனைப் பற்றி முடிவெடுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 1998-இல் வாகயாமா, யானகிமாச்சி என்ற ஆய்வாளர்கள் சுண்டெலி விந்தணுவை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கினார்கள். எந்த அளவுகோலில் பார்த்தாலும் செத்த விந்தணு: சவ்வு கிழிந்தது, வால் அசையாது. அதை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தினார்கள், இயல்பான குட்டிகள் பிறந்தன. அதே முறையில் உலர்த்திய விந்தணுவை 2013-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, ஐந்து வருடம் பத்து மாதம் வரை அங்கே கிடந்ததிலிருந்தும் குட்டி பெற்றதாக 2021-இல் கட்டுரை வந்தது. உடலோடு சேர்த்து மைனஸ் 20-இல் 15 வருஷம் கிடந்த சுண்டெலியின் விந்தணுவிலிருந்தும் 2006-இல் குட்டி பெற்றிருக்கிறார்கள், காப்புப்பொருள் எதுவும் இல்லாமல். டிஎன்ஏ நன்றாக இருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் ஊசி பார்த்துக்கொள்ளும்.

அப்படியென்றால் ஃப்ரிட்ஜ் எதற்கு, எல்லாவற்றையும் ஊசியிலேயே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்து பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். சுண்டெலி முட்டை ஊசி பட்டால் சட்டென்று உடையும். அதிர்வூசியும், அதைக் கையாளப் பழகிய கையும், பொறுமையும் வேண்டும். ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு என்று ஒவ்வொன்றாகச் செலுத்திக்கொண்டே ஒரு நாளை ஓட்டுவதற்குள், சாதாரணக் கிண்ண முறையில் ஒருவர் நூற்றுக்கணக்கான முட்டைகளை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். வேறு வழியே இல்லாதபோது ஊசி, மற்ற நாட்களில் கிண்ணம். கிண்ணத்துக்கு நீந்தி, முரட்டுத்தனமாகி, துளைக்கிற விந்தணு வேண்டும், அதனால்தான் நாலு டிகிரியில் இவ்வளவு பாடு.

இதுவரை எலி என்றதெல்லாம் சுண்டெலியைத்தான். அதைவிடப் பெரிய இனமான நிஜ எலியின் கதை தனி. பெரிய ஆய்வக எலியின் விந்தணு ஏறக்குறைய 190 மைக்ரோமீட்டர் நீளம், சுண்டெலியுடையது 120-ஐ ஒட்டி, மனிதனுடையது 60-ஐத் தாண்டாது. அந்த நீண்ட வால் குளிருக்கும் சுழற்றலுக்கும் குலுக்கலுக்கும் உடனே சுருண்டுவிடும். உறையவைத்த எலி விந்தணுவிலிருந்து குட்டி பெற்ற முதல் வெற்றி 2001-இல்தான் வந்தது, அதுவும் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தி. சுண்டெலியில் வேலை செய்த கரைசலை அப்படியே எலிக்குப் போட்டுவிட்டு நடக்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். கொழுப்பின் சேர்க்கை வேறு, கொலஸ்ட்ரால் அளவு வேறு, இறுகும் வெப்பநிலை வேறு. எலிக்கு எதைச் சோதித்தாலும், குளிரில் எவ்வளவு கெட்டது என்று அளப்பதற்கு முன்னால், வெட்டி எடுத்ததிலிருந்து சொட்டுக்குள் விடுகிற வரைக்கும் உங்கள் கையே எவ்வளவு கெடுத்தது என்று அளந்துவிடுங்கள். புதிதாக எடுத்ததை அதே கை, அதே பிப்பெட், அதே குழாய் வழியாக, குளிர் மட்டும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அந்த எண் கையில் வந்தபிறகு ஃப்ரிட்ஜைத் திறக்கலாம்.